பேர்ல் ஜாம் இசைக்குழுவும் அதன் நெடுநாள் ரசிகர்களும்

பேர்ல் ஜாம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில் 1990ஆம் ஆண்டு தோன்றிய ராக் இசைக்குழு. 1990களில் ஆல்டர்நேட்டிவ் ராக் எனப்படும் மாற்று ராக் இசையை உலகெங்கும் கொண்டுசென்ற குழுக்களுள் முதன்மையானவற்றில் ஒன்று. 1991 முதல் 2024 வரை 12 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டுள்ளது.

இக்குழுவின் இசையைப் பற்றி எழுதியவர்கள் பலர். இக்கட்டுரை அதன் ரசிகர்களைப் பற்றியது. ஒரு பாடலை விரும்புவது எளிது. ஒரு குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் பின்தொடர்வது அவ்வளவு எளிதன்று. அதற்குப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், பொறுமையும் வேண்டும். அந்த நெடிய பற்றுக்கு ஈடாகக் குழு தன் ரசிகர்களுக்கு என்ன தந்தது, எங்கே தரத் தவறியது என்ற கேள்வியோடு பார்த்தால், பேர்ல் ஜாமின் வரலாறு கலைஞருக்கும் ரசிகருக்கும் இடையிலான ஓர் எழுதப்படாத உடன்பாட்டின் வரலாறாகத் தெரிகிறது.

பின்னணி

1980களின் நடுப்பகுதியில் சியாட்டிலில் ஒரு புதிய ராக் இசை உருவாகிக்கொண்டிருந்தது. பங்க் இசையின் முரட்டுத்தனமும் ஹெவி மெட்டலின் கனமான கிட்டார் ஒலியும் கலந்த இந்த இசையைப் பின்னாளில் கிரஞ்ச் என்று அழைத்தனர். இதன் தொடக்கக் குழுக்களுள் ஒன்று கிரீன் ரிவர். பேஸ் கிட்டார் கலைஞர் ஜெஃப் அமெண்ட், கிட்டார் கலைஞர் ஸ்டோன் கொசார்ட் இருவரும் இதில் இருந்தனர்.

கிரீன் ரிவர் கலைந்த பிறகு இருவரும் பாடகர் ஆண்ட்ரூ வுட்டுடன் சேர்ந்து மதர் லவ் போன் என்ற குழுவைத் தொடங்கினர். அதன் முதல் முழு ஆல்பம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1990 மார்ச் 19 அன்று, அளவுக்கு மீறிய ஹெராயின் பயன்பாட்டால் ஆண்ட்ரூ வுட் இறந்தார். குழு அத்துடன் முடிந்தது. பேர்ல் ஜாம் இந்த இழப்பிலிருந்து பிறந்த குழு என்பதை நெடுநாள் ரசிகர்கள் நன்கு அறிவர்.

ஓர் ஒலிநாடாவின் பயணம்

அமெண்டும் கொசார்டும் கிட்டார் கலைஞர் மைக் மெக்ரெடியுடன் சேர்ந்து, பாடல் வரிகள் இல்லாத சில மெட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தனர். அந்த நாடா டிரம்ஸ் கலைஞர் ஜாக் அயர்ன்ஸ் வழியாகக் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வசித்த எடி வெடர் கைக்குச் சென்றது. வெடர் அப்போது இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். கடலில் அலைச்சறுக்கு விளையாடுவதில் ஆர்வம் கொண்டவர். நாடாவைக் கேட்டுவிட்டு அலைச்சறுக்குக்குச் சென்ற அவர், திரும்பிவந்து அந்த மெட்டுகளுக்கு வரிகள் எழுதி, தன் குரலைப் பதிவு செய்து சியாட்டிலுக்கு அனுப்பினார். 'அலைவ்', 'ஒன்ஸ்', 'ஃபுட்ஸ்டெப்ஸ்' என்னும் மூன்று பாடல்கள் அவ்வாறு பிறந்தன. மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சியான பகுதிகள்.

குழுவின் முதல் கச்சேரி 1990 அக்டோபர் 22 அன்று சியாட்டிலின் ஆஃப் ராம்ப் கஃபே என்ற இடத்தில் நடந்தது. அப்போது குழுவுக்கு மூக்கி பிளேலாக் என்ற கூடைப்பந்து வீரரின் பெயரையே வைத்திருந்தனர். பின்னர் பெயரை மாற்றிக்கொண்டாலும், அந்த வீரரின் சட்டை எண்ணான 10 முதல் ஆல்பத்தின் தலைப்பாயிற்று. 'டென்' 1991 ஆகஸ்ட் 27 அன்று வெளியானது.

பெருவெற்றியும் பின்வாங்கலும்

'டென்' வெளியான உடனே விற்றுத் தீரவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மெல்ல மெல்லப் பரவி, 1992இல் பில்போர்டு ஆல்பப் பட்டியலின் இரண்டாம் இடத்தைத் தொட்டது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை 1 கோடியே 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளது. 1993 அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பமான 'வெர்சஸ்' முதல் ஐந்து நாட்களிலேயே 9,50,000 பிரதிகள் விற்று அன்றைய சாதனையை முறியடித்தது. அதே மாதம் டைம் இதழ் வெடரின் படத்தை அட்டையில் வெளியிட்டது.

இந்த வெற்றியின் பெரும்பகுதி தொலைக்காட்சியால் வந்தது. டெக்சாஸ் மாநிலப் பள்ளி மாணவர் ஒருவர் வகுப்பறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைப் படித்து வெடர் எழுதிய பாடல் 'ஜெரெமி'. பெற்றோரும் பள்ளியும் கவனிக்கத் தவறிய ஒரு சிறுவனைப் பற்றிய பாடல் அது. அதன் வீடியோ 1993இல் எம்டிவி விருதுகள் நான்கைப் பெற்றது. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அடுத்தடுத்து வீடியோக்களை எடுத்துக் குவித்திருக்கும். பேர்ல் ஜாம் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வீடியோ எடுப்பதையே நிறுத்திவிட்டது. 1998இல் 'டூ தி எவல்யூஷன்' பாடலுக்கு வெளியான அசைவூட்டப் படம்தான் அடுத்த வீடியோ. பேட்டிகளையும் குழு குறைத்துக்கொண்டது.

தொலைக்காட்சியில் பார்த்து வந்த கூட்டம் இதனால் மெல்லக் கலைந்தது. 1996இல் வெளியான 'நோ கோட்' முந்தைய ஆல்பங்களைவிடக் கணிசமாகக் குறைவாகவே விற்றது. ஆனால் எஞ்சி நின்றவர்கள் உறுதியானவர்கள். நெடுநாள் ரசிகர் என்ற பிரிவு பேர்ல் ஜாமுக்கு உருவானது இந்த இறங்குமுக ஆண்டுகளில்தான்.

டென் கிளப்

பேர்ல் ஜாமின் அதிகாரபூர்வ ரசிகர் மன்றம் டென் கிளப். மதர் லவ் போன் குழுவுக்கு இருந்த சிறிய ரசிகர் மன்றமே இதற்கு முன்னோடி. ஆண்டுச் சந்தா செலுத்துபவர் உறுப்பினர் ஆகலாம்.

1991 முதல் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸையும் ஒட்டி ஒரு சிறிய வினைல் இசைத்தட்டை அனுப்பும் வழக்கம் தொடங்கியது. கடையில் கிடைக்காத பாடல்கள் அதில் இருக்கும். பல ஆண்டுகளில் இத்தட்டுகள் உரிய காலத்தில் வந்து சேராமல் மாதக்கணக்கில் தாமதமாயின. அதைப் பற்றிய கேலி ரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது.

இந்த இசைத்தட்டுகளில் ஒன்று எதிர்பாராத வரலாறு படைத்தது. 1998ஆம் ஆண்டின் தட்டில் 'லாஸ்ட் கிஸ்' என்ற பாடல் இருந்தது. வெய்ன் காக்ரன் 1960களின் தொடக்கத்தில் எழுதிய பழைய பாடலை, ஒரு கச்சேரிக்கு முந்தைய ஒலிச்சோதனையின்போது குழு எளிமையாகப் பதிவு செய்திருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று அனுப்பிய அப்பாடலை வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தொடங்கின. கேட்பவர் எண்ணிக்கை பெருகவே, 1999இல் அது பொதுவிற்பனைக்கு வந்தது. அதன் வருமானம் கொசோவோ போரில் அகதிகளானோருக்கு வழங்கப்பட்டது. பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் இரண்டாம் இடம்வரை சென்ற இப்பாடலே, அப்பட்டியலில் பேர்ல் ஜாம் எட்டிய மிக உயர்ந்த இடம். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த பாடல்கள் எட்டாத இடத்தை ரசிகர்களுக்கு அனுப்பிய ஓர் அன்பளிப்பு எட்டியது.

டென் கிளப்பின் மற்றொரு சிறப்பு உறுப்பினர் எண். சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்படும். மன்றத்தின் வழியாகக் கச்சேரி டிக்கெட் வாங்கும்போது, இருக்கைகளை ஒதுக்குவதில் இந்த மூப்புக்கு முதலிடம் உண்டு. சிறிய எண் கொண்டவருக்கு மேடைக்கு அருகில் இடம் கிடைக்கும். அந்த எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளச் சந்தாவைத் தொடர்ந்து புதுப்பித்துவர வேண்டும். பணம் மிகுதியாகக் கொடுப்பவருக்கு முன்வரிசை என்பதே பொழுதுபோக்கு உலகின் பொது வழக்கம். இங்கே முன்வரிசைக்கான விலை ஆண்டுகளில் கணக்கிடப்பட்டது. புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இந்த முறை பாதகமானது என்ற விமரிசனமும் உண்டு.

டிக்கெட் விலைக்கான போராட்டம்

குழு தன் ரசிகர்களுக்காக மேற்கொண்ட முயற்சிகளில் மிகப் பெரியது 1994ஆம் ஆண்டின் டிக்கெட் விலைப் போராட்டம்.

அந்நாளில் அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் பெரும்பாலானவை டிக்கெட்மாஸ்டர் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த அரங்குகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. டிக்கெட் விலையின் மீது அது தனியாகச் சேவைக் கட்டணமும் வசூலித்தது. பள்ளி மாணவர்களும் இளைஞர்களுமே தன் ரசிகர்கள் என்பதால், டிக்கெட் விலை 18 டாலருக்குள்ளும், சேவைக் கட்டணம் அதில் பத்து சதவீதமான 1 டாலர் 80 சென்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று பேர்ல் ஜாம் கோரியது. இரண்டும் சேர்ந்து 20 டாலரைத் தாண்டக் கூடாது என்பது குழுவின் நோக்கம். நிறுவனம் இதற்கு இசையவில்லை.

1994 மே மாதம் குழு அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. டிக்கெட்மாஸ்டர் தனியுரிமை ஆதிக்கம் செலுத்துகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. 1994 ஜூன் 30 அன்று கொசார்டும் அமெண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைத் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தனர். ராக் கலைஞர்கள் டிக்கெட் கட்டணத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியது நாடு முழுவதும் செய்தியாயிற்று. அந்த ஆண்டின் கோடைக்காலச் சுற்றுப்பயணத்தைக் குழு கைவிட்டது.

1995இல் டிக்கெட்மாஸ்டரைத் தவிர்த்து, ஈடிஎம் என்ற சிறிய நிறுவனத்தின் வழியாகச் சுற்றுப்பயணம் நடத்த முயன்றனர். ஒப்பந்தத்துக்கு உட்படாத இடங்களைத் தேட வேண்டியிருந்தது. பெருநகர அரங்குகள் கிடைக்காததால், வழக்கமாக இவ்வளவு பெரிய கச்சேரிகள் நடக்காத இடங்களில் மேடை அமைத்து, பாதுகாப்பு முதல் குடிநீர் வரை எல்லாவற்றையும் புதிதாக ஏற்பாடு செய்ய நேர்ந்தது. சால்ட் லேக் சிட்டி நிகழ்ச்சி மழையால் ரத்தாயிற்று. 1995 ஜூன் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஏறத்தாழ 50,000 பேர் கூடியிருந்தனர். உணவு ஒவ்வாமல் நோயுற்றிருந்த வெடர் ஏழு பாடல்களுக்குப் பின் மேடையை விட்டு இறங்கினார். மூத்த கலைஞர் நீல் யங் மேடையேறி நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். அதன்பின் எஞ்சிய நிகழ்ச்சிகள் ரத்தாயின. அவற்றுள் சில பின்னர் வேறு நாட்களில் நடைபெற்றன.

1995 ஜூலை 5 அன்று நீதித்துறை நடவடிக்கை எதுவும் எடுக்காமல் விசாரணையை முடித்துக்கொண்டது. பிற பெரிய கலைஞர்களில் மிகச் சிலரே வெளிப்படையாகத் துணைநின்றனர். 1998 சுற்றுப்பயணத்தில் பேர்ல் ஜாம் மீண்டும் டிக்கெட்மாஸ்டர் அரங்குகளுக்குத் திரும்பியது.

வழக்கில் குழு தோற்றது. இடையில் மூன்று ஆண்டுகள் அமெரிக்க ரசிகர்கள் பலருக்குக் கச்சேரி காணும் வாய்ப்பே அரிதாயிற்று. போராட்டத்தின் சுமையில் ஒரு பங்கை ரசிகர்களும் சுமந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தும், தங்கள் பணப்பையைப் பற்றி ஒரு குழு நாடாளுமன்றம் வரை சென்று பேசியது என்ற நினைவு அவர்களிடம் நிலைத்துவிட்டது.

ஒவ்வோர் இரவும் வேறு கச்சேரி

பெரும்பாலான ராக் குழுக்கள் ஒரு சுற்றுப்பயணம் முழுவதும் ஏறத்தாழ ஒரே பாடல் வரிசையைப் பாடும். பேர்ல் ஜாம் ஒவ்வோர் இரவும் வரிசையை மாற்றும். இன்று தொடங்கிய பாடல் நாளை இடம்பெறாமலே போகலாம். பத்தாண்டுகள் பாடப்படாத பாடல் திடீரென்று வரலாம். 2003 ஜூலையில் பாஸ்டன் அருகே உள்ள மேன்ஸ்ஃபீல்டில் மூன்று இரவுகள் நடந்த கச்சேரிகளில், ஒரு நாள் பாடியதை மறுநாள் பாடாமல் தன் பாடல்களில் பெரும்பாலானவற்றையும் பாடி முடிக்கக் குழு முயன்றது.

ஒரே சுற்றுப்பயணத்தில் நான்கைந்து ஊர்களுக்கு ரசிகர்கள் பின்தொடர்ந்து செல்வதற்கு இதுவே காரணம். பாடல் பெயர் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்து வேண்டுகோள் விடுப்பர். எந்த ஊரில் எந்தப் பாடல் எத்தனையாவது முறையாகப் பாடப்பட்டது என்று கணக்கு வைத்திருப்போரும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் தனியாக அச்சிடப்படும் கச்சேரிச் சுவரொட்டிகளை வாங்க, நிகழ்ச்சிக்குப் பல மணி நேரம் முன்பே வரிசையில் நிற்பர். இச்சுவரொட்டிகளில் பலவற்றை வடிவமைத்த ஏம்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் அமெண்டின் சகோதரரும் ஒருவர்.

கச்சேரிகளை ரசிகர்களே ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் குழு அனுமதித்தது. 1990களில் இந்த நாடாக்கள் அஞ்சல் வழியாகக் கைமாறின. நாடா வைத்திருப்பவருக்கு வெற்று நாடாக்களையும் அஞ்சல் தலைகளையும் அனுப்பினால் அவர் படி எடுத்துத் திருப்பி அனுப்புவார். லாபம் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த எழுதாச் சட்டம். ஆனால் வேறு சிலர் இத்தகைய பதிவுகளைத் திருட்டுத்தனமாகக் குறுந்தகடுகளாக்கி, தரம் குறைந்த ஒலியோடு அதிக விலைக்கு விற்றனர். அத்தகைய தகடுகளுக்குப் பூட்லெக் என்று பெயர்.

இதற்கு மாற்றாக 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் கச்சேரிகளைக் குழுவே நல்ல தரத்தில் பதிவு செய்து குறைந்த விலையில் வெளியிட்டது. ஆடம்பரம் இல்லாத அட்டை உறையில், ஊர்ப் பெயரும் தேதியும் அச்சிட்டு வெளியான இவ்வரிசையில் மொத்தம் 72 கச்சேரிகள் இடம்பெற்றன. 2000 செப்டம்பரில் வந்த முதல் தொகுதியில் இருந்து ஐந்து பதிவுகள் ஒரே வாரத்தில் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் நுழைந்தது அதுவரை எவரும் செய்யாத சாதனை. தான் நேரில் நின்று கேட்ட இரவை ஒரு ரசிகர் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடிந்தது.

ரோஸ்கில்ட துயரம்

அந்த 72 கச்சேரிகளுக்கு நடுவே வெளியிடப்படாத ஓர் இரவு உண்டு. அது 2000 ஜூன் 30. கொசார்டும் அமெண்டும் நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்து அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டென்மார்க்கில் ஆண்டுதோறும் நடைபெறும் ரோஸ்கில்ட இசைவிழாவில் அன்று மாலை பேர்ல் ஜாம் பாடியது. மழையால் தரை சேறாகியிருந்தது. மேடைக்கு முன் நெருக்கியடித்து நின்ற பெருங்கூட்டத்தில் சிலர் வழுக்கி விழ, அவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தனர். நிலைமை தெரிந்ததும் குழு பாடலை நிறுத்தியது. அனைவரும் மூன்று அடி பின்னால் நகருமாறு வெடர் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒன்பது இளைஞர்கள் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் டென்மார்க்கையும், மூவர் சுவீடனையும், மற்ற மூவர் ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளையும் சேர்ந்தவர்கள். அனைவரும் இருபத்தாறு வயதுக்கு உட்பட்டவர்கள் அல்லது அந்த வயதினர்.

குழு ஐரோப்பாவில் எஞ்சியிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்தது. இனிப் பாடுவதா வேண்டாமா என்பதே கேள்வியாயிற்று. ஒரு மாதத்துக்குப் பின் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தனர். டென்மார்க்கில் நடந்த விசாரணை, எவர்மீதும் குற்ற வழக்குத் தொடுக்க முகாந்திரம் இல்லை என முடிந்தது.

இதன் விளைவுகள் நீண்டவை. ரோஸ்கில்ட விழாவில் மேடைக்கு முன்னுள்ள பகுதி தடுப்புகளால் பிரிக்கப்பட்டு, உள்ளே செல்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப்பட்டது. பெருங்கூட்டம் கூடும் பிற இசைவிழாக்களிலும் பாதுகாப்பு முறைகள் மறுபரிசீலனைக்கு வந்தன. பேர்ல் ஜாம் 2006 வரை இத்தகைய பெரிய இசைவிழாக்களில் பாடுவதைத் தவிர்த்தது. 2002இல் வெளியான 'ரயட் ஆக்ட்' ஆல்பத்தின் 'லவ் போட் கேப்டன்' பாடலில் அந்த ஒன்பது பேரும் நண்பர்களாக நினைவுகூரப்படுகின்றனர். இறந்தோர் குடும்பங்கள் சிலவற்றுடன் குழுவினருக்கு ஏற்பட்ட உறவு பல ஆண்டுகள் நீடித்தது. விழா நடக்கும் திடலில் ஒரு நினைவுக்கல்லும் அதைச் சூழ ஒன்பது மரங்களும் உள்ளன.

இசைவிழாவுக்குச் சென்ற மகன் திரும்பி வரவில்லை என்ற நிலைக்கு எந்த உடன்பாட்டிலும் ஈடு இல்லை. முன்வரிசையில் நிற்பது என்பது அதுவரை ரசிகரின் பெருமையாக மட்டுமே இருந்தது. அந்த முன்வரிசைக்குக் காவல் செய்வதும் தன் கடமை என்பதை ரோஸ்கில்டவுக்குப் பின் குழு கற்றுக்கொண்டது. கூட்டத்தில் யாரேனும் துன்பப்படுவதாகத் தோன்றினால் பாடலை இடையில் நிறுத்திவிடும் வழக்கம் பேர்ல் ஜாம் கச்சேரிகளில் இன்றும் உண்டு.

பொருள் மாறிய ஒரு பாடல்

ரசிகர்கள் ஒரு பாடலுக்குத் திருப்பித் தந்தது என்ன என்பதற்கு 'அலைவ்' சிறந்த எடுத்துக்காட்டு. தான் தந்தை என்று நம்பியவர் தன் உண்மையான தந்தை அல்லர், உண்மையான தந்தை இறந்துவிட்டார் என்று அறியும் ஒரு சிறுவனின் கதை அது. வெடரின் சொந்த வாழ்வில் நடந்ததைத் தழுவியது. உயிரோடு இருப்பதே ஒரு சாபம் என்ற கசப்பில் எழுதப்பட்டது.

ஆனால் கச்சேரிகளில் ஆயிரக்கணக்கானோர் கைகளை உயர்த்தி, இத்தனைக்குப் பிறகும் வாழ்கிறோம் என்ற மகிழ்ச்சியோடு அதைப் பாடினர். நோயிலிருந்து மீண்டவர்கள், போதைப் பழக்கத்தை விட்டவர்கள், உறவினரை இழந்தவர்கள் அதைத் தம் பாட்டாக ஆக்கிக்கொண்டனர். ரசிகர்கள் அந்தச் சொற்களின் பொருளை மாற்றியபோது தன் மேலிருந்த சாபம் நீங்கியது என்ற கருத்தை வெடர் 2006இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தெரிவித்தார். எழுதியவரின் பொருளைக் கேட்டவர்கள் திருத்தி, எழுதியவரும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு இது.

2005இல் குழு முதன்முறையாகத் தென் அமெரிக்கா சென்றது. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்கள் பாடல் வரிகளோடு நிற்காமல் கிட்டார் இசையையும் வாயால் சேர்ந்து பாடினர். அந்நாடுகளின் பதிவுகளில் சில இடங்களில் மேடையின் ஒலியைவிடக் கூட்டத்தின் ஒலியே மேலோங்கி நிற்கிறது.

முதுமையும் மனக்குறைகளும்

2011இல் குழுவின் இருபதாம் ஆண்டையொட்டி விஸ்கான்சின் மாநிலத்தின் ஆல்பைன் வேலியில் இரண்டு நாள் விழா நடந்தது. கேமரன் குரோ இயக்கிய ஆவணப்படமும் வெளியானது. 2017 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்க் கூடத்தில் குழு சேர்க்கப்பட்டது. முந்தைய டிரம்ஸ் கலைஞர்களுள் டேவ் அப்ருசீஸ், ஜாக் அயர்ன்ஸ் ஆகியோர் அதில் சேர்க்கப்படாதது ரசிகர்கள் பலருக்கு மனக்குறையாயிற்று. 2018 ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த இரண்டு கச்சேரிகள், வீடற்றோருக்காக ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்ட உதவின. விஷ்லிஸ்ட் என்ற தொண்டு அமைப்பை ரசிகர்களே நடத்தி, கச்சேரி நடக்கும் ஊர்களில் நிதி திரட்டிவருகின்றனர்.

டிக்கெட் விலை என்ற பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. 1994இன் 18 டாலர், பணவீக்கத்தைக் கணக்கில் கொண்டால் 2024இல் ஏறத்தாழ 38 டாலர். ஆனால் 2024 சுற்றுப்பயணத்தின் சாதாரண டிக்கெட்டே நூறு டாலரைத் தாண்டியது. இடைத்தரகர்கள் லாபம் அடைவதைத் தடுக்க என்ற காரணம் காட்டி, ஒரு பகுதி இருக்கைகள் அதைவிட உயர்ந்த சந்தை விலைக்கும் விற்கப்பட்டன. வாங்கிய டிக்கெட்டை அதே விலைக்கு மட்டுமே இன்னொரு ரசிகருக்கு மாற்றலாம் என்ற விதியைச் சட்டம் இடம்தந்த மாநிலங்களில் குழு கடைப்பிடித்தது. இருந்தும், அன்று எங்களுக்காக வாதாடியவர்கள் இன்று எதிர்ப்பக்கம் நிற்கிறார்களா என்று மூத்த ரசிகர்கள் கேட்டனர். ஆல்பம் விற்று வருவாய் ஈட்டும் காலம் முடிந்து, கச்சேரியே கலைஞரின் பிழைப்பாகிவிட்டதையும் சிலர் விளக்கமாகக் கூறினர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் டிக்கெட் வாங்க இயலாமல் வீட்டில் இருந்தவருக்கு அந்த விளக்கம் ஆறுதல் ஆகாது.

2010இல் டிக்கெட்மாஸ்டர், கச்சேரி நடத்தும் பெருநிறுவனமான லைவ் நேஷனுடன் இணைந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறையே தனியுரிமை ஆதிக்கக் குற்றச்சாட்டின் பேரில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பேர்ல் ஜாம் முறையிட்டு அப்போது சரியாக முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 ஜூலையில், இருபத்தேழு ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த மாட் கேமரன் குழுவிலிருந்து விலகினார்.

மதிப்பீடு

பேர்ல் ஜாம் தன் காலத்துக் குழுக்களில் எப்போதும் அதிகம் விற்ற குழு அன்று. விமரிசகர்கள் ஒருமுகமாகப் போற்றிய குழுவும் அன்று. நிர்வாணா, சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகிய சியாட்டில் குழுக்களின் பாடகர்களான கர்ட் கோபேன், கிறிஸ் கார்னெல், லேன் ஸ்டேலி ஆகியோர் ஒவ்வொருவராக அகால மரணம் அடைந்தனர். பேர்ல் ஜாம் எஞ்சியது. அதன் ரசிகர்கள் தம் இளமையின் பாடகர் தம்முடன் சேர்ந்து நரைப்பதைக் காணும் பேறு பெற்றனர்.

எழுதப்படாத உடன்பாடு பலமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. கிறிஸ்துமஸ் இசைத்தட்டு, மூப்பு வரிசை, நாள்தோறும் மாறும் பாடல்கள், பதிவு செய்யும் உரிமை ஆகியவற்றில் குழு தன் பங்கைச் செலுத்தியது. டிக்கெட் விலையில் முதலில் போராடியது, பின்னர் பெரிதும் விட்டுக்கொடுத்தது. ரசிகர்கள் குறை சொன்னார்கள், கோபப்பட்டார்கள், ஆனால் பெரும்பாலோர் விலகவில்லை. குறை சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று அவர்கள் நினைப்பதே இந்த உறவு வெறும் வாங்கல் விற்றல் அன்று என்பதைக் காட்டுகிறது.

எங்கிருந்து தொடங்கலாம்

இக்குழுவைப் புதிதாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் 'டென்', 'வெர்சஸ்', 'வைட்டாலஜி' (1994), 'யீல்ட்' (1998) ஆகிய நான்கு ஆல்பங்களை இவ்வரிசையில் கேட்கலாம். 'ஜெரெமி' பாடலின் பின்பக்கத்தில் வெளியான 'யெல்லோ லெட்பெட்டர்' தனியாகக் கேட்கத் தக்கது. வரிகள் தெளிவாகப் புரியாத, வெடர் மேடைக்கு மேடை மாற்றிப் பாடும் பாடல் அது. பல கச்சேரிகள் அதனுடன்தான் முடிகின்றன. அதன்பின் அதிகாரபூர்வக் கச்சேரிப் பதிவுகளில் இரண்டை எடுத்து, இரண்டிலும் உள்ள பாடல் வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே குழுவைக் காண மக்கள் ஏன் ஊர் ஊராகச் சென்றார்கள் என்பது அப்போது விளங்கும்.